லங்காவியில் நான் அண்ணி

லங்காவி விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து போனைத் திறந்ததும் மகளிடமிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது. "அண்ணி, கடல்ல வேலை முடியல. நாளைக்கு சாயங்காலம்தான் கரைக்கு வருவேன். கோவிச்சுக்காதீங்க. அம்மா வந்து உங்களக் கூட்டிட்டுப் போவாங்க."

இதில் அண்ணி என்பது நான், அதாவது அவளைப் பெற்றவள். அம்மா என்பது யார் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

விளக்கிவிடுகிறேன். ஒரத்தநாட்டுப் பக்கம் நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் எனக்கு மூன்று கொழுந்தனார்கள். விடிந்தால் "அண்ணி, காபி", "அண்ணி, என் சட்டையப் பாத்தீங்களா", "அண்ணி, வயலுக்குச் சாப்பாடு". இந்தக் கூச்சலுக்கு நடுவே பிறந்த என் மகள் கயல்விழி வாய் திறந்து பேசிய முதல் வார்த்தையே "அண்ணி"தான். வீடே கைதட்டிச் சிரித்தது. நானும் சிரித்தேன். போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். கொழுந்தனார்கள் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனார்கள். அந்த வீட்டில் எல்லோராலும் அம்மா என்று கூப்பிடப்பட்ட என் மாமியாரும் போய்ச் சேர்ந்தார். கயல் மட்டும் மாறவில்லை. அண்ணிக்கு உண்டான "நீங்க, வாங்க"வும் மாறவில்லை. எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. பெற்ற தாயை அக்கா என்பவர்கள், தகப்பனை அண்ணன் என்பவர்கள் தெருவுக்கு ஒருவராவது உண்டு. எனக்கும் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் இங்கே வந்தது ஊர் சுற்ற அல்ல. லங்காவி மலேசியாவின் மேற்கே, கடலுக்குள் சிதறிக் கிடக்கும் சுண்ணாம்புப் பாறைத் தீவுகளின் கூட்டம். இங்கே பவளப் பாறைகளைப் பாதுகாக்கிற ஒரு குழுவில் கயலுக்கு வேலை. ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அவள் இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் அவளுக்கு விரிவுரையாளர் வேலை தயாராக இருக்கிறது. அவள் அப்பாவுக்குச் சம்பா அறுப்பு, நகர முடியாது. "நீ போய்க் கையோட கூட்டிட்டு வந்துடு" என்று என்னை அனுப்பி வைத்தார்.

என் பெயர் எழுதிய அட்டையோடு ஒரு பெண்மணி நின்றிருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், குட்டையாக வெட்டிய முடி, பூப்போட்ட நீளச் சட்டை. பெயர் இந்திராணி. கயல் குடியிருக்கும் வீட்டுக்காரர், மலேசியாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்.

"நீங்கதான கயலோட அண்ணி? போட்டோவுல பாத்திருக்கேன். அண்ணன் வரலையா?"

அண்ணன் என்றது என் வீட்டுக்காரரை என்று புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் "அறுப்பு நேரம், வரல" என்று சொல்லிவிட்டேன்.

காரில் ஏறியதும் அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா இல்லாத புள்ளைய இவ்வளோ நல்லா வளத்திருக்கீங்க. யாரு அண்ணி இப்படிச் செய்வா? எங்க அண்ணி அண்ணின்னு சொல்லுவா. அம்மாவப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டா. கேட்டா அழுதுடுவாளோன்னு நானும் கேக்குறதில்ல. என்னய அம்மான்னு கூப்பிட்டுக்கன்னு சொல்லிட்டேன்."

அவளுக்கு அம்மா உயிரோடுதான் இருக்கிறாள், உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வயிற்றெரிச்சல் நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. பெற்ற மகள் இவ்வளவு நாளில் ஒரு தரம்கூட "எனக்கு அம்மா இருக்காங்க" என்று சொல்லவில்லையா? சரி, அவள் வாயாலேயே வரட்டும் என்று ஒரு வீம்பு. அதுவரைக்கும் நான் அண்ணியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

பொறாமைக் கண்ணோடு பார்த்தால் ஓர் ஊரில் எல்லாமே பளிச்சென்று தெரிகிறது. வழி நெடுகப் பாறைகள் செங்குத்தாக நின்றன. மேலிருந்து கீழ் வரை காடு. எங்கள் ஊரில் நாயை விரட்டக்கூடக் கல் கிடைக்காது. மண்வெட்டியை எவ்வளவு ஆழம் போட்டாலும் வண்டல்தான் வரும். பெரிய கோயிலுக்கே கல்லை வெளியூரிலிருந்து இழுத்து வந்தார்கள். இங்கே கடலுக்குள் கொட்டி வைத்திருக்கிறது. இடையிடையே வயலும் இருந்தது, வயலில் எருமையும் இருந்தது. மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் என்று யாரையாவது விசாரிப்பார்களா என்று இந்திராணியிடம் கேட்டேன். மேட்டூர் யார் என்று அவர் திருப்பிக் கேட்டார். கொடுத்து வைத்தவர்கள்.

"இம்புட்டு சுண்ணாம்பு இருக்கே, வெத்தல போடுவீங்களா?" என்றேன். கடையில் கேட்டால் கிடைக்கும் என்றார். அவர் வாங்கிக் கொடுத்த வெற்றிலையை மென்று பார்த்தேன். கும்பகோணம் வெற்றிலைக்குப் பக்கத்தில் நிற்காது. வந்ததிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் சந்தோஷம் அதுதான்.

அது நீடிக்கவில்லை. மறுநாள் காலை "பசியாறுங்க" என்று தட்டு வைத்தார். காலைச் சாப்பாட்டுக்கு அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, வறுத்த நெத்திலி, வேர்க்கடலை, மிளகாய் அரைத்த காரச் சம்பல். ஓரத்தில் கத்தரிக்காய்.

"கயலுக்குன்னு செய்வேன். இன்னிக்கு உங்களுக்கு. ரெண்டு வாட்டி போட்டுக்குவா."

இருபத்தைந்து வருஷமாகக் கத்தரிக்காயைக் கண்டால் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தவள் என் மகள். சாம்பாரில் நான் மசித்துப் போட்டாலும் கண்டுபிடித்துவிடுவாள். எடுத்துச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, அதனாலேயே மீதியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தேன்.

சாயங்காலம் வரை பொழுது போக வேண்டுமே என்று இந்திராணி என்னை அலையாத்திக் காட்டுக்குப் படகில் கூட்டிப் போனார். அலையாத்தி நமக்கு என்ன புதிதா? பள்ளிப் பிள்ளைகளை வருஷம் தவறாமல் முத்துப்பேட்டைக்குக் கூட்டிப் போகிற சமூக அறிவியல் டீச்சர் நான். சுரபுன்னை மரம், சேற்றில் தாவும் மீன், ஒற்றைக் கொடுக்கைத் தூக்கிக் காட்டும் நண்டு, எல்லாம் எங்களிடமும் உண்டு என்று படகில் ஏறும்போதே சொல்லி வைத்தேன். ஆனால் முத்துப்பேட்டையில் காட்டுக்குப் பின்னால் வானம்தான் இருக்கும். இங்கே காட்டுக்குப் பின்னால் பாறை, பாறைக்குள் குகை, குகையின் கூரையில் வௌவால். முத்துப்பேட்டைக்கு ஒரே ஒரு பாறை கொடுத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

பிறகு கருடனைப் பார்த்தேன். செம்பட்டை உடம்பு, வெள்ளைக் கழுத்து, நம் கருடனேதான். நம் ஊரில் கும்பாபிஷேகத்தன்று கோபுரத்துக்கு மேலே ஒரு கருடன் வட்டமிட்டால் ஆயிரம் கை மேலே எழும்பும். வராவிட்டால் ஊருக்கே முகம் வாடும். இங்கே கண்ணுக்கு எட்டிய வரை கருடன். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தேன், கன்னம்தான் வலித்தது. முன்னால் போன படகிலிருந்து ஒருவர் கோழித் தோலை வாரித் தண்ணீரில் வீசினார். அத்தனை கருடனும் இறங்கிவிட்டன.

"பெருமாள் வாகனத்துக்குக் கோழித் தோலா!" என்று நான் கத்தியதில் எங்கள் படகோட்டி பயந்துபோய் என்னவோ கேட்டார். இந்திராணி சிரித்துக்கொண்டே மலாயில் விளக்கினார். படகோட்டி சொன்னதைத் திருப்பி எனக்குத் தமிழில் சொன்னார். "அப்படிப் போடக் கூடாதுன்னு இவரும் சொல்றாராம். கேக்க மாட்டேங்குறாங்களாம்."

திரும்பும் வழியில் எஞ்சின் நின்றுவிட்டது. விசிறியில் பழைய வலை சுற்றிக்கொண்டது. படகோட்டி குனிந்து வலையை அறுத்துக்கொண்டிருந்தபோது ஒரு குரங்குக் கூட்டம் கிளை வழியாக வந்து படகில் குதித்தது. கயலுக்கென்று நான் ஊரிலிருந்து சுமந்து வந்த முறுக்குப் பொட்டலம் என் பைக்குள் இருந்தது. கண் இமைக்கும் நேரத்தில் அது மரத்தில் இருந்தது. தேங்காயெண்ணெயில் சுட்ட கைமுறுக்கை ஒரு குரங்கு நிதானமாக ஒடித்து ஒடித்துத் தின்றது. கடைசியில் என் மகளுக்குக் கொடுக்க என் கையில் ஒன்றுமே இல்லாமல் போனது.

சாயங்காலம் கயல் வந்தாள். வெயிலில் கருத்து, முடியெல்லாம் உப்புப் பூத்து, வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு உள்ளே நுழையும்போதே குரல் வந்தது.

"அம்மா! பசி கொல்லுது! என்ன வச்சிருக்க?"

கேட்டீர்களா, "வச்சிருக்க." அதன் பிறகு என்னைப் பார்த்தாள். ஓடி வந்து கட்டிக்கொண்டாள், இல்லை என்று சொல்லவில்லை. "வாங்க அண்ணி! பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா? அப்பா முட்டிவலி எப்படி இருக்கு?" சம்பந்தி வீட்டாரிடம் கேட்பதைப் போல இருந்தது. அந்த "நீ"க்காக நான் என் இரண்டு வளையலையும் கழற்றிக் கொடுத்திருப்பேன்.

இந்திராணி அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டே, "ஒன் அண்ணி நேத்திலேருந்து சரியா சாப்பிடல, நீயே கேளு" என்றார். கயல் அதில் எதையும் கவனிக்கவில்லை. அவள் காதுக்கு அது சரியான வார்த்தைதானே! ஊருக்கு வருவதைப் பற்றி நான் பேச்செடுத்தேன். "நாளைக்கு என் வேலையப் பாருங்க அண்ணி, அப்பறம் பேசலாம்" என்றாள்.

மூன்றாம் நாள் காலை கயல், இந்திராணி, நான், மலாய்க்காரப் படகோட்டி ஒருவர் என நால்வரும் புறப்பட்டோம். கரை மறைந்து, ஒரு சின்னத் தீவு வந்தது. பாறையின் அடியை அலை அரித்து அரித்து, காளான் குடை மாதிரி ஆக்கி வைத்திருந்தது. அதன் நிழலில் படகு நின்றது. தண்ணீர் எப்படிப்பட்ட தண்ணீர் என்கிறீர்கள்? நங்கூரம் மணலில் குத்தி நிற்பது மேலேயிருந்து தெரிந்தது.

பவளப் பாறை பற்றி வருஷா வருஷம் கரும்பலகையில் படம் வரைந்து பாடம் நடத்தியவள் நான். சிவப்புச் சாக்பீஸ் தீர்ந்துவிட்டால் ரோஸ். நேரில் பார்த்ததே இல்லை. நான் சாக்பீஸில் வரைந்ததை இந்தப் பெண் தினமும் குளித்துவிட்டு வருவதைப் போலப் பார்த்துவிட்டு வருகிறாள். மகள் மேலேயே பொறாமைப்படலாமா என்று கேட்காதீர்கள். பட்டேன்.

"அங்க பாருங்க அண்ணி, அதான் நாத்தங்கால்" என்றாள்.

தண்ணீருக்கு அடியில் வரிசையாகக் கம்பிச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் விரல் நீளப் பவளத் துண்டுகளைக் கட்டி வைத்திருந்தார்கள். சூடு தாங்காமல் வெளுத்துச் செத்த பாறைகளில், பிழைத்த துண்டுகளை ஒடித்து இங்கே வளர்க்கிறார்களாம். தேறியதும் எடுத்துப்போய்ப் பாறையில் நடுவார்களாம். இங்கிலீஷில் இதற்கு வேறு பெயர் இருக்கிறது, இவள்தான் குழுவில் இருக்கிற மலாய்க்காரர், சீனர் எல்லோருக்கும் நாத்தங்கால், நடவு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாளாம். படகோட்டிகூட "நாத்தங்கா" என்று சிரித்தார்.

எனக்கும் கண்ணாடி, மூச்சுக் குழாய், மிதவைச் சட்டை எல்லாம் மாட்டிவிட்டார்கள். சுடிதாரோடு இறங்கினேன். முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். என்னத்தைச் சொல்ல! மான் கொம்பு மாதிரி, முட்டைக்கோஸ் மாதிரி, மூளை மாதிரி. மஞ்சளில் கோடு போட்ட மீன் என் மூக்கருகே வந்து என்னைப் பார்த்தது. சாக்பீஸ் டப்பாவில் இல்லாத நிறமெல்லாம் இருந்தது. கொஞ்ச நேரம் எனக்கு யார் மேலும் எரிச்சல் இல்லை.

தலையைத் தூக்கினேன். படகில் இந்திராணி கயலின் முதுகில் களிம்பு தடவிக்கொண்டிருந்தார். அவள் என்னவோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எங்கள் ஊர்ப் புது ஆற்றில் வாழை மட்டையைக் கட்டிக்கொண்டு நீந்தக் கற்றவள் நான். எனக்கு எதற்கு இந்த மிதவைச் சட்டை? அதுவோ கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. கழற்றி வீசிவிட்டேன். பாருங்கள் என்று நாலு கை போட்டேன்.

அப்போதுதான் அது எனக்குக் கீழே வந்தது. முழ நீளம், முதுகுத் துடுப்பின் நுனியில் கறுப்பு. குட்டிச் சுறா. கயல் முன்பே சொல்லியிருந்தாள், ஒன்றும் செய்யாது என்று. சொன்னது மூளைக்குப் போவதற்குள் வாய் திறந்துவிட்டது. ஆற்றுத் தண்ணீர் வாய்க்குள் போனால் துப்பிவிடலாம். இது தொண்டையை எரித்துக்கொண்டு உள்ளே போனது. கையும் காலும் தனித்தனியாக அடித்துக்கொண்டன.

படகோட்டி எழுந்து கயலிடம் என்னவோ கேட்பது காதில் விழுந்தது. அவள் அலறினாள். "மக் சாயா! மக் சாயா!" அலறிக்கொண்டே குதித்தாள்.

மக்கு, மக்கு என்று என்னைத் திட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். சாகப்போகிற நேரத்திலும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது எனக்கு. மிதவைச் சட்டையைக் கழற்றினது மக்குத்தனம்தான், அதற்காக இத்தனை பேர் முன்னாலா!

கயலும் படகோட்டியும் சேர்ந்து என்னைப் படகில் தூக்கிப் போட்டார்கள். இருமி, கக்கி, மூச்சு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "என்னடி மக்குங்குற?"

கயல் என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பதில் இந்திராணியிடமிருந்து வந்தது. அவர் கையில் களிம்பு டப்பா திறந்தபடியே இருந்தது.

"யாரு அது, ஒன் அக்காவான்னு அவரு கேட்டாரு. இல்ல, என் அம்மான்னு சொன்னா." என் பக்கம் திரும்பினார். "மக்னா மலாயில அம்மா. மக் சாயான்னா என் அம்மா."

இருபத்தேழு வருஷம் நான் காத்திருந்த வார்த்தை. வந்தபோது எனக்குப் புரியாத பாஷையில் வந்தது. அதை எனக்குப் புரியவைக்க வேண்டிய வேலை அந்த அம்மாளுக்கு விழுந்தது.

கயல் நிமிர்ந்தாள். "அம்மா, அண்ணிதான் என் அம்மா. நான் சொல்லலையா?"

"எப்ப சொன்ன?"

"சொல்லணும்னு தோணவே இல்லம்மா. அண்ணின்னா அண்ணிதான்."

இந்திராணி என்னைப் பார்த்தார். "நீங்களாச்சும் சொல்லியிருக்கலாம். ரெண்டு நாளா எங்கூடத்தான இருக்கீங்க." கோபமே இல்லாமல் சொன்னார். டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தார். திரும்பி வரும்போது படகின் முன் பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார்.

நான் ஜெயித்துவிட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வீடு வந்து சேர்ந்ததும் கயல் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "நீங்க தண்ணியில தவிச்சதப் பாத்ததுக்கப்பறம் எனக்கு இங்க இருக்கத் தோணல. நானும் வந்துடறேன் அண்ணி. அவங்ககிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன்."

வந்த காரியம் முடிந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் வாய் வேறொன்றைக் கேட்டது.

"அந்த நாத்து?"

"என்ன அண்ணி?"

"சட்டத்துல கட்டி வச்சிருக்கியே. அத எப்ப நடணும்?"

"இன்னும் தேறல. அடுத்த வருஷம் பாதி, அதுக்கு அடுத்த வருஷம் மீதி. வேற யாராச்சும் வருவாங்க."

"நாத்து விட்டவளே நடாம எந்திரிச்சுப் போவாளா? ஒங்கப்பா கேட்டா என்னத் தொலச்சுடுவாரு. நட்டுட்டு வா."

நான் பெருந்தன்மையாகச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் ஒரத்தநாட்டில் எந்த வீட்டிலும் தேறாத நாற்றை விட்டுவிட்டு வந்த பெண்ணை உள்ளே விட மாட்டார்கள். நான் மட்டும் எப்படி விடுவது?

மறுநாள் விமான நிலையத்துக்கு மூவரும் போனோம். இந்திராணி சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் காரை ஓட்டினார். கயல் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கப் போனதும், ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தார். நெத்திலிச் சம்பல், வாழையிலையில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் சுற்றி. என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வெறுமனே பேசினார்.

"தெரியாமப் போச்சு. அம்மா இருக்கிற புள்ளைய அப்படிக் கூப்பிட விட்டது தப்பு. இனிமே ஆன்ட்டின்னு கூப்பிடச் சொல்லிடறேன்."

இதைத்தான் வந்த நாளிலிருந்து நான் கேட்க ஆசைப்பட்டேன். அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன்.

"வேணாங்க, அப்படியே கூப்பிடட்டும்" என்றேன். "எங்க வீட்ல அந்த வார்த்தை சும்மாதாங்க கெடக்குது."